பத்துக்கு எட்டு

டிவிஷன் தொடங்கி அறுபது வருசம்.
மண்டப வாசலில் கட்ட
பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ் சொல்ல
தளி ரோட்டில் தரணீஷ் கடைக்கு
ஆறு பேர் போனோம்.

வாசகம் என் பொறுப்பு.
பதினேழு வருசம் அங்கே கிளார்க்.
துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைத்தான்
அதிகம் துடைத்திருக்கிறேன்.
ராத்திரி நாடாவைக் கம்பளிக்குள் வைத்துப் படுத்தால்தான்
விடிந்ததும் எழுத்து விழும்.

எழுதிக்கொண்டு போனது இது:
நாலு கணவாய்களை முப்பத்தோரு குளிர்காலம் காத்தோம்.
பதினாறாயிரம் அடியில் பாதை வெட்டினோம்,
ஒவ்வொரு பங்குனியிலும் அதையே மறுபடி வெட்டினோம்.
பூமி ஆடி இடிந்த ஊரில்
பதினோரு நாள் வெறுங்கையால் கல் புரட்டினோம்.
கோவேறு கழுதைகள் ஏறாத இடத்துக்கு
நாங்கள் ஏறினோம்.

"நெம்ப எழுத்துங்க, தூரத்துல தெரியாது"
என்றான் தரணீஷ்.
குறைத்தேன்.
முதலில் போனது கழுதைகள்.
மாரசாமி தொண்டையைச் செருமினார்.
இருநூற்றுப் பதினேழாம் நம்பரை ஓட்டியவர்.
அது சரிவில் உருண்ட ராத்திரி
பாரத்தை அவிழ்த்துத் தன் முதுகில் கட்டி
மண்ணெண்ணெயை மேலே சேர்த்தவர்.
மறுபடி சேர்த்தேன்.

அடுத்து, படம்.
திரையில் ஒரு பனிமலை இறங்கியது.
அடியில் ஏரி, கரையெல்லாம் மஞ்சள் பூ.
"இது தேனிலவு போற மலை" என்றார் அர்த்தநாரி.
"அப்ப உங்க மலை எப்படிங்க இருக்கும்?"

பில் புத்தகத்தின் பின்பக்கம்
அர்த்தநாரி வரைந்தது கவிழ்த்த அரிவாள்.
சலாம் அதை அடித்துவிட்டு இரண்டு கொம்பு போட்டார்,
அவர் நின்றது கிழக்குச் சரிவு.
ஆரோக்கியம் கீழே பீரங்கியோடு இருந்தவர்.
அவருக்கு அது நேர்க்கோடு, சுவர்.
மாரசாமி ஒரு பாதையைத்தான் நெளித்தார்.
"தலையத் தூக்கி ஆரு பாத்தா?
கொளம்பத்தான் பாத்தன்."

வெள்ளிங்கிரி பேனாவை வாங்கவில்லை.
இடது கையில் அவருக்கு இரண்டு விரல்.
'மூன்று விரல்கள், பனிக்கடி, பணியின்போது'
மூன்று பிரதி அடித்தவன் நான்.
ஒன்று டில்லிக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு,
ஒன்று எங்கே என்று மறந்துவிட்டது.
"வெறும் வெள்ளையா உட்டுருங்க" என்றார்.
"அப்படித்தான இருந்துது."

பேச்சில்லை.
எந்திரம் மட்டும் யாரோ ஒருத்தர் வீட்டுக்
காதுகுத்து விழாவை
அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

வெள்ளையே முடிவானது. காசு குறைக்கவில்லை.
அடியில் நம் சீமையிலிருந்து போய்த்
திரும்பாத பதினாலு பேர், ஊரோடு:
கொழுமம், கணியூர், குடிமங்கலம், மூலனூர்...
அதில் ஒன்பது பேருக்கு நான்தான் தந்தி.
பெதப்பம்பட்டிக்கு இங்கிலீஷில் எத்தனை பி என்று
அந்த நேரத்திலும் யோசித்தது இந்தத் தலை.

விழா அன்று ஆடிக்காற்று.
ஃப்ளெக்ஸ் வயிறு புடைத்துச்
சவுக்குக் கம்பை வளைத்தது.
தரணீஷ் ஏணியில் ஏறிப் பிளேடால்
பிறை பிறையாகக் கீறினான்.
"காத்துக்கு வழி உடலீன்னா கிழிச்சுப்போடுமுங்க."
யாரும் சொல்லாமலே
பெயர்களை விட்டுவிட்டு வெட்டினான்.

ஒவ்வொரு வீச்சுக்கும் வெள்ளையில் வாய்கள் திறந்தன.
அதனூடே தெற்கே ஆனைமலை,
நீலமாக, துண்டு துண்டாக.

வெள்ளிங்கிரி குனிந்து
ஒரு கீறலில் கண்ணை வைத்தார்.
"பங்கர்ல இருந்து இத்தனைதான் தெரியும்."

இலை போட்டாச்சு என்று உள்ளே கூப்பிட்டார்கள்.
எல்லோரும் போனார்கள்.
அவர் நகரவில்லை.
இரண்டாம் பந்தியும் எழுந்தது.

கையைக் கழுவிக்கொண்டு
மாரசாமி வெளியே வந்தார்.
பக்கத்தில் போய் நின்று
தோளைத் தொட்டார்.
"நீங்க போய்ச் சாப்பிடுங்.
நான் பாத்துக்கறன்."